பந்தா, படிப்பா? அந்தக் கேள்வியைக் கேட்க இவ்வளவு அவசரம் ஏன்?



வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பதிவுதான். இன்று கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்று ஓர் அமெரிக்க விளையாட்டு வீரரின் கல்லூரிக் காலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் மைரன் ரோல். "சார், உங்களுக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். நம் உறவுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அங்கே பள்ளியில் அதை விளையாடுகிறார்கள். போனில் பேசும்போது அவர்கள் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளலாமே என்று பார்க்கத் தொடங்கினேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்! அப்படிப் படித்துக்கொண்டு போனபோது கிடைத்தவர்தான் இந்த ரோல். ஆசிரியராக இருந்த எவருக்கும் இவருடைய கதை பிடிக்கும். பிடிப்பதோடு நிற்காமல், நாம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை மறுபடி யோசிக்கவும் வைக்கும்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் ஃபுட்பால் என்று சொல்வது இதுவல்ல. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமான ஆட்டம். ஒவ்வோர் அணியிலும் களத்தில் 11 பேர். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணி தாக்கும் அணி. நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேற விடாமல் மறிப்பது தடுப்பு அணியின் வேலை. தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம் என்று ஒரே அணிக்குள் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள்.

தடுப்பு அணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவருக்கு 'சேஃப்டி' என்று பெயர். முன்னால் நிற்கும் ஒன்பது பத்துப் பேரையும் தாண்டி ஒருவன் ஓடி வந்துவிட்டால், அவனைப் பிடிக்க வேண்டியவர் இவர்தான். இவரும் தவறவிட்டால் எதிரணிக்குப் புள்ளிதான். எதிரணித் தலைவன் பந்தை எந்தப் பக்கம் எறியப் போகிறான் என்று அவன் கண்ணையும் தோளையும் பார்த்தே கணிக்க வேண்டும். வேகமும் வேண்டும், மோதுகிற தைரியமும் வேண்டும், படித்துப் பார்க்கிற மூளையும் வேண்டும். மைரன் ரோல் விளையாடியது இந்த இடத்தில்தான்.

அவருடைய பெற்றோர் பஹாமாஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஐந்து மகன்கள், மைரன் கடைக்குட்டி. 1986-ல் பிறந்தார், நியூஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணன் ஒருவர் அவரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். பென் கார்சன் என்ற கறுப்பின மூளை அறுவை மருத்துவரின் வாழ்க்கை வரலாறு அது. தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்த அறுவையை 1987-ல் நடத்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கார்சன். படித்து முடித்த பையன் தனக்கு இரண்டு ஆசைகள் என்று தீர்மானித்துக்கொண்டான். ஒன்று, தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-லில் விளையாடுவது. இன்னொன்று, மூளை அறுவை மருத்துவர் ஆவது.

பத்துப் பதினோரு வயதுப் பையன் இப்படிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "முதலில் ஏதாவது ஒன்றை முடிவு பண்ணு" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டார்கள். பள்ளியில் அவர் சாக்ஸபோன் வாசித்தார், இசை நாடகத்தில் பாடி நடித்தார், பாடங்களில் முதல் வரிசையில் இருந்தார், ஃபுட்பாலும் ஆடினார். பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டில், நாடு முழுவதும் இருந்த பள்ளி வீரர்களில் முதல் இடம் இவருக்கு என்று ஈ.எஸ்.பி.என். விளையாட்டு நிறுவனம் பட்டியலிட்டது.

அமெரிக்காவில் இந்தப் பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு என்று நமக்குச் சட்டென்று புரியாது. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது திருவிழா மாதிரி. ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் வருகிற மைதானங்கள் இருக்கின்றன. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர்தான். பட்டியலில் முதல் இடம் பிடித்த பையனுக்காகப் பல்கலைக்கழகங்கள் வரிசையில் நிற்கும். ரோல் தேர்ந்தெடுத்தது ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகரான டாலஹாசியில் உள்ள ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை. அங்கே தலைமைப் பயிற்சியாளர் பாபி பவுடன், அந்த விளையாட்டின் பெரியவர்களில் ஒருவர். தடுப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பு மிக்கி ஆண்ட்ரூஸ்.

இந்த ஆண்ட்ரூஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு விஷயத்தில் இரண்டு சதவீதம் முன்னேறு என்பது அவர் வீரர்களுக்குச் சொன்ன பாடம். ஒரே நாளில் பெரிய ஆளாகிவிடு என்று அவர் சொல்லவில்லை. இன்று பின்னோக்கி ஓடும் கால்வைப்பில் இரண்டு சதவீதம், நாளை எதிரியைப் பிடிக்கும்போது தோளை வைக்கும் கோணத்தில் இரண்டு சதவீதம். அதை எடுத்துக்கொள், அதை மட்டும் சரி செய், அவ்வளவுதான். ரோல் இதைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கே இந்த இரண்டு சதவீதத்தைத் தலைப்பாக வைத்தார். கையெழுத்துப் பயிற்சி நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் முகம் சுளித்த என் மாணவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்!

2006-ல் கல்லூரிக்குள் நுழைந்தார். முதலாண்டு மாணவர்கள் பலர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அணியில் இவர் அந்த ஆண்டே ஆடும் வரிசைக்கு வந்துவிட்டார். இந்தப் பக்கம் படிப்பு. உடற்பயிற்சி அறிவியலில் பட்டம். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டரை ஆண்டில் முடித்தார். நான்குக்கு 3.75 மதிப்பெண் சராசரி. மருத்துவக் கல்லூரிக்குத் தேவையான வேதியியல், உயிரியல் பாடங்களும் இதற்குள் அடக்கம். ஸ்டெம் செல் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார்.

இன்னொன்றும் செய்தார். ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு 'செமினோல்ஸ்' என்று பெயர். செமினோல் என்பது அந்த மண்ணின் பழங்குடி மக்கள். அவர்கள் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடுகிறோமே, அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். செமினோல் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் தவிர்ப்பது எப்படி என்று கற்றுத் தரும் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 22 கூட ஆகவில்லை.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். 2008 நவம்பர் 22, சனிக்கிழமை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க வழங்கப்படும் ரோட்ஸ் உதவித்தொகையின் இறுதி நேர்முகத் தேர்வு அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில். அமெரிக்கா முழுவதற்கும் ஆண்டுக்கு 32 பேருக்குத்தான் அது கிடைக்கும். அதே நாள் இரவு, மேரிலாந்து பல்கலைக்கழக அணியுடன் அவருடைய கல்லூரிக்கு முக்கியமான ஆட்டம். இடம் காலேஜ் பார்க், பர்மிங்ஹாமிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்கிற நிலை. இங்கே பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நீ ஆட்டத்தைத் தவறவிட்டால் அணியில் இடம் இல்லை என்று பயிற்சியாளர் சொல்லவில்லை. நேர்முகத்துக்குப் போ, முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்றார்கள். தனி விமானம் ஏற்பாடானது. ரோல் காலையில் கோட்டு சூட்டோடு நேர்முகத்தில் உட்கார்ந்தார். மாலையில் தேர்வானவர்கள் பெயரை அறிவித்தார்கள். அதில் அவர் பெயர் இருந்தது. விமானம் ஏறினார். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் இரண்டாம் கால்பகுதியில் இருந்தது. உடையை மாற்றிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஃபுளோரிடா ஸ்டேட் 37-3 என்று வென்றது.

இதைப் படித்ததும் மனம் நிறைந்து போனது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு வாட்ஸ்அப் ஊக்கமூட்டும் கதையாகிவிடும். மேலே படியுங்கள்.

ரோட்ஸ் உதவித்தொகை பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. அதை ஏற்படுத்திய செசில் ரோட்ஸ் தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் பணம் சேர்த்தவர், வெள்ளையர் ஆட்சியை விரித்தவர். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் 1902-ல் இறந்த அவருடைய உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது. மாணவன் வெறும் புத்தகப் புழுவாக இருக்கக் கூடாது, மைதானத்தில் ஆடுவதிலும் விருப்பமும் தேர்ச்சியும் வேண்டும் என்று எழுதி வைத்தார். அதாவது, உலகத்திலேயே பெயர் பெற்ற ஒரு கல்வி உதவித்தொகை தொடக்கத்திலிருந்தே இரண்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறது.

அப்படி இரண்டும் செய்தவர்கள் ரோலுக்கு முன்பும் இருந்தார்கள். பைரன் ஒயிட் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரம். 1938-ல் என்.எஃப்.எல்.-லில் பந்தைக் கொண்டு ஓடியதில் முதலிடம். பிறகு ரோட்ஸ் மாணவராக ஆக்ஸ்ஃபோர்டு போனார். திரும்பி வந்து 1940-ல் மறுபடியும் அதே முதலிடம். 1962 முதல் 1993 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. பில் பிராட்லி பிரின்ஸ்டனின் கூடைப்பந்து வீரர். தொழில்முறை ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர், வந்து நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடினார், பின்னாளில் நியூஜெர்சியின் செனட்டர் ஆனார்.

ரோலும் 2009-ல் தன் வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆண்டே என்.எஃப்.எல். தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தால் முதல் சில சுற்றுகளிலேயே ஏதாவது ஓர் அணி எடுத்திருக்கும் என்று பேச்சு இருந்தது. முதல் சுற்று என்றால் கோடிக்கணக்கில் பணம். அவர் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு போய் மருத்துவ மானுடவியலில் முதுகலை படித்தார். ஓராண்டு ஆட்டம் இல்லை.

இப்போதுதான் விலை. 2010 தொடக்கத்தில் ஆட்டத்துக்குத் திரும்பினார். அணிகள் வீரர்களை நேரில் பேசிப் பார்க்கும் ஒரு முகாமில், ஓர் அணியின் பயிற்சியாளர் அவரிடம், கல்லூரி அணியைக் கைவிட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனது எப்படி இருந்தது என்ற பொருளில் கேட்டார். இதை ரோலே பிறகு வெளியில் சொல்லியிருக்கிறார். மூன்று பருவம் மோதி விளையாடிய பையனிடம், அதற்குள் பட்டத்தையும் முடித்துவிட்ட பையனிடம், 'கைவிட்டாய்' என்கிற சொல்! இவனுக்குப் படிப்பு இருக்கிறது, வேறு வழி இருக்கிறது, இவன் உயிரைக் கொடுத்து ஆடுவானா என்பதுதான் அவர்கள் சந்தேகம். வேறு போக்கிடம் இல்லாதவனே நல்ல வீரன் என்று நினைக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

2010 தேர்வில் ஏழு சுற்றுகள். டென்னசி டைட்டன்ஸ் அணி அவரை ஆறாவது சுற்றில், 207-ஆவது ஆளாக எடுத்தது. பள்ளியில் நாட்டிலேயே முதலாவது, இங்கே 207-ஆவது! டைட்டன்ஸ் அணியிலும், பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியிலும் பயிற்சி முகாம்களில் இருந்தார். ஆனால் புள்ளிக் கணக்கில் சேரும் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 2012-ல் அந்த அத்தியாயம் முடிந்தது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. "சார், இரண்டையும் செய்தால் இரண்டிலும் ஜெயிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒயிட்டுக்கும் பிராட்லிக்கும் முடிந்தது. ரோலுக்கு ஃபுட்பாலில் முடியவில்லை. ஓராண்டு விலகியதால்தானா, ஆட்டத்திலேயே ஏதாவது குறைவா என்று அவரவர் ஒன்று சொல்வார்கள். விலை கொடுத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

2013-ல் தான் படித்த அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2017-ல் மருத்துவரானார். அதன்பின் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பயிற்சி, அது ஏழாண்டுப் பயிற்சி. ஐந்தாம் வகுப்பில் சொன்ன இரண்டாவது ஆசை நிறைவேறியது. களத்தில் கற்ற இரண்டு சதவீதப் பாடத்தை அறுவைக் கூடத்திலும் வைத்துக்கொண்டேன் என்கிறார். இன்று தையல் போடுவதில் ஒரு சிறு முன்னேற்றம், நாளை கருவி பிடிப்பதில் ஒன்று. ஆக, ஆட்டத்தில் போன நேரம் வீணாகவில்லை. கேமரா முன்னால் ஆடியதை விட, கேமரா இல்லாத பயிற்சி மைதானத்தில் கற்றதுதான் அவரோடு வந்தது.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு "அமெரிக்காவில் எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாணயத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. அதுவும் அதே கல்லூரியில், அதே ஆண்டுகளில்.

ரோல் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஒரு பெரிய மோசடி வெளியானது. இணையவழி இசைப் பாடம் ஒன்றின் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு விடைகள் சொல்லித் தரப்பட்டிருந்தன. படிப்பில் உதவ வேண்டிய பணியாளர்களே உடந்தை. 10 விளையாட்டுகளைச் சேர்ந்த 61 பேர் சிக்கினார்கள். 2007 டிசம்பர் 31-ல் நடந்த ஆண்டிறுதி ஆட்டத்துக்கு ஃபுட்பால் அணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் போக முடியவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2009-ல் தண்டனை அறிவித்தது. பவுடனின் கணக்கிலிருந்து 12 வெற்றிகள் நீக்கப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். ஒரே வளாகம், ஒரே சீருடை. ஒரு பக்கம் ரோட்ஸ் மாணவர். இன்னொரு பக்கம் இசைப் பாடத் தேர்வுக்குக்கூட விடை எழுதித் தரப்பட்ட பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களிடம் யாரும் வாய்விட்டுக் கேட்காமலேயே கேள்விக்குப் பதில் முடிவாகிவிட்டது: நீ பந்துக்கு, படிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பந்தும் போன பிறகு அவர்கள் கையில் என்ன மிஞ்சும்? மாணவனுக்காகத் தேர்வு எழுதிக் கொடுப்பவர் அவனுக்கு உதவி செய்யவில்லை, அவன் கையிலிருந்து ஒரு சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனாக இதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். "நன்றாக ஆடினால் ஸ்காலர்ஷிப் கிடைக்குமாமே" என்று அங்குள்ள நம் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பிள்ளைகள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். என்.சி.ஏ.ஏ. கணக்குப்படி அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் கல்லூரி அணிக்குப் போகிறார்கள். கல்லூரியில் ஆடுபவர்களில் என்.எஃப்.எல். போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அங்கே போனாலும் சராசரியாக மூன்று ஆண்டு சொச்சம்தான் என்று வீரர்கள் சங்கம் சொல்லி வந்திருக்கிறது. 25 வயதில் ஓய்வு! மீதி நாற்பது ஆண்டு வேலை செய்ய வேண்டுமே. பள்ளியில் நாட்டிலேயே முதலாவதாக வந்த பையனே அங்கே ஓர் ஆட்டம் ஆடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, தலை. இந்த ஆட்டத்தில் மோதல் இருக்கிறது, மோதலில் மூளை குலுங்குகிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இறந்த பிறகு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நோய் அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க முன்வருவார்கள். அதனால் ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் அலட்சியப்படுத்தும் எண் அல்ல. மோதி ஆடிய ஒருவர் மூளையைத் திறந்து சரிசெய்யும் மருத்துவரானார் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

என் தங்கையின் பேரன் டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்பு. அவனும் இதே சேஃப்டி இடத்தில்தான் ஆடுகிறான். "அண்ணா, நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று தங்கை கேட்டாள். தலையில் அடிபட்டால் மருத்துவர் அனுமதி இல்லாமல் மறுபடி களத்தில் இறக்க மாட்டோம் என்று பயிற்சியாளர் சொல்கிறாரா, சொன்னபடி நடக்கிறாரா, அதை முதலில் விசாரி என்றேன். அதில் தயக்கம் இருந்தால் நிறுத்து. அதற்குக் காரணம் தலை. அல்ஜீப்ராவில் மார்க் குறைந்துவிடும் என்று மட்டும் நிறுத்தாதே என்றும் சொன்னேன்.

இப்போது என் கருத்து.

'விளையாட்டா, படிப்பா?' என்ற கேள்வி பொய்யான கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அது வரத்தான் செய்யும். ரோலுக்கும் வந்தது. பணம் ஒரு பக்கம், ஆக்ஸ்ஃபோர்டு ஒரு பக்கம் என்று நின்றது. ஆனால் அப்போது அவருக்கு வயது 22. கையில் பட்டம் இருந்தது, களத்தில் பெயர் இருந்தது, இரண்டின் ருசியும் தெரிந்திருந்தது. இழப்பு வந்தபோதும் யாரையும் குறை சொல்லி உட்காரவில்லை, ஏனென்றால் தேர்ந்தெடுத்தது அவரே.

நாம் என்ன செய்கிறோம்? 22 வயதில் வர வேண்டிய கேள்வியை 13 வயதில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். பிள்ளை பதில் சொல்வதற்கு முன் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். ஃபுளோரிடாவில் சிலர் பந்து என்று பதில் சொன்னார்கள். நம் வீடுகளில் படிப்பு என்று சொல்கிறோம். பதில்தான் வேறு, செய்கிற காரியம் ஒன்றுதான். பிள்ளையின் ஒரு கதவை அவனைக் கேட்காமல் சாத்துகிறோம். சிறு வயதில் விட்ட ஆட்டத்தை 22-ல் திரும்பப் பிடிக்க முடியாது. அதே போல, விட்ட படிப்பையும் எளிதில் பிடிக்க முடியாது.

ரோலைப் போல ஆயிரத்தில் ஒருவர் வருவாரா என்று கேட்பீர்கள். லட்சத்தில் ஒருவர்கூட வர மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். அவருடைய அறிவும் உடலும் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் செய்ததைச் செய்ய நமக்கு அறிவும் உடலும் வேண்டியதில்லை. புத்தகம் வாங்கிக் கொடுத்த ஓர் அண்ணன், இரண்டு ஆசையையும் கேட்டுச் சிரிக்காத ஒரு வீடு, தினம் இரண்டு சதவீதம் போதும் என்று சொன்ன ஒரு பயிற்சியாளர், நேர்முகத்துக்குப் போய்விட்டு வா என்று அனுப்பிய ஒரு கல்லூரி. தனி விமானம் நம்மால் முடியாது. பரீட்சையும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ கொண்டுபோய் விட நம்மால் முடியும்.

பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு மூன்றே மூன்று வேண்டுகோள். பிள்ளையிடம் 'எது வேண்டும்?' என்று கேட்பதை விட்டுவிட்டு 'இன்று எதில் கொஞ்சம் முன்னேறினாய்?' என்று கேளுங்கள். இரண்டாவது, விளையாட்டை ஸ்காலர்ஷிப்புக்கான லாட்டரிச் சீட்டாக நினைக்காதீர்கள். சீட்டு விழாவிட்டால் பிள்ளை தோற்றதாக நினைத்துக்கொள்வான். மூன்றாவது, அவனுடைய வீட்டுப்பாடத்தை, புராஜெக்டை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். 61 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. மைதானத்திலிருந்து வியர்வையோடு வகுப்புக்கு வரும் பையனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள். அவனுக்கு அன்றைய பாடத்தைக் கேட்க உரிமை உண்டு.

உங்களில் மாவட்ட அளவிலும் அதற்கு மேலும் விளையாடியவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் இன்று உங்கள் வேலையில் எங்கே உதவுகிறது? கீழே எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் தாராளமாக எழுதலாம், சண்டை மட்டும் வேண்டாம். எழுதும்போது எந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தீர்கள் என்றும் போடுங்கள். பெயரை விட அந்த ஆண்டைச் சொன்னால் முகம் சீக்கிரம் நினைவுக்கு வருகிறது.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்